பேரா, படிப்பா? மலையகப் பிள்ளைகளின் கல்வி வரலாறு: ஒரு நோக்கு

கண்டி மாநகரிலிருந்து மகியங்கனை செல்லும் பெருந்தெருவிலே அமைந்துள்ளது தெல்தெனிய. இன்று நாம் காணும் நகர் புதியது. பழைய நகர் விக்டோரியா நீர்த்தேக்கத்தின் அடியிலே கிடக்கின்றது. 1985ஆம் ஆண்டு திறந்துவைக்கப்பெற்ற, 122 மீற்றர் உயரமான அணைக்கட்டு மகாவலி கங்கையை மறித்தபோது, கடைவீதியும் வீடுகளும் வழிபாட்டு இடங்களும் நீருள் ஆழ்ந்தன. கடும் வரட்சி வரும் ஆண்டுகளில் நீர் வற்றிப் பழைய சுவர்கள் வெளியே தெரியும். அவற்றைக் காண மக்கள் திரள்வர். மூழ்கிய நகரைப் பற்றிப் பேசுவோர் இங்கு பலர். ஆனால் இந்நகரைச் சூழ்ந்த ரங்கல, ஹுன்னஸ்கிரிய, மடுல்கலை மலைகளிலே பிறந்த தோட்டத்துப் பிள்ளைகள் எவ்வாறு பள்ளிக்கூடம் சென்றனர், எந்த வகுப்பிலே நின்றனர், ஏன் நின்றனர் என்று கேட்போர் சிலரே.

"தோட்டத்துப் பெற்றோருக்குக் கல்வியின் அருமை தெரியாது, பிள்ளை சற்று வளர்ந்ததும் வேலைக்கு அனுப்பிவிடுவர்" என்று கற்றவர் பலர் கூறக் கேட்டிருக்கின்றோம். பிள்ளைப் பருவத்தில் நாமும் அவ்வாறே எண்ணியதுண்டு. பல்கலைக்கழகத்திலே சரித்திரத்தைப் பாடமாக எடுத்து, பழைய சட்டங்களைப் படிக்கத் தொடங்கிய பின்னரே அக்கூற்று எத்துணைப் பிழையானதென்று உணர்ந்தோம். வீட்டுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் இடையே நெடுங்காலம் ஒரு வழக்கு நடந்தது மெய்யே. அவ்வழக்கை மூட்டியவர் பெற்றோரல்லர் என்பதையே இக்கட்டுரையில் காட்ட விரும்புகின்றோம். எடுத்துக்காட்டுக்கு வெகுதூரம் செல்லவேண்டியதில்லை; எமது சொந்த வீட்டுக் கதையே போதும்.

பேர் என்னும் சொல்

முதற்கண் ஒரு சொல்லை விளக்குதல் வேண்டும். தோட்டத்தில் ஒருவர் ஒருநாள் வேலை செய்து அந்நாட் சம்பளத்துக்கு உரியவராவதைப் "பேர்" என்பர். விடியற்காலையில் பெரட்டுக் களத்திலே நின்று, செக்ரோலில் பதிவாகி, குறித்த அளவு கொழுந்து எடுத்தால் ஒரு பேர், குறைந்தால் அரைப்பேர். இம்மாதம் எத்தனை பேர் என்பதே ஒவ்வொரு வீட்டின் கணக்கு. அரிசியும் மாவும் கடையிலே கிடைக்கும் கடனும் அக்கணக்கைப் பொறுத்தவை. வேலைசெய்யக்கூடிய பிள்ளையொன்று பள்ளிக்கூடம் செல்கின்றதென்றால் அவ்வீட்டில் ஒரு பேர் குறைகின்றது. இதனை மனத்தில் இருத்திக்கொண்டே மேல்வரும் வரலாற்றைப் படிக்குமாறு அன்பர்களை வேண்டுகின்றோம்.

கண்டிச் சீமைக்கு வந்தோர்

எம்மவர் இந்நாட்டுக்கு வந்த கதையை 1823ஆம் ஆண்டிலிருந்து தொடங்குவது வழக்கம். அதனைக் கொண்டே 2023ஆம் ஆண்டில் மலையகம் 200 என்று நினைவுகூர்ந்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை எம்மக்கள் நடந்தனர். அக்காலத்தில் கோப்பித் தோட்டங்களுக்காகத் தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து புறப்பட்டோர் இராமேசுவரக் கரையில் தோணியேறி, மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியாகக் கால்நடையாகவே கண்டிச் சீமையை அடைந்தனர். வழியில் நோயாலும் பசியாலும் மாண்டோர் அநேகர்.

கோப்பி பருவத்துக்குரிய பயிர். காய் பறிக்கும் மாதங்களில் வந்து, முடிந்ததும் ஊர் திரும்புவோர் பலராயிருந்தனர். 1867ஆம் ஆண்டு ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் தேயிலையைப் பெருமளவிற் பயிரிட்டதும், 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியைச் சில ஆண்டுகளில் அழித்ததும் இந்நிலையை மாற்றின. தேயிலைக் கொழுந்து ஆண்டு முழுவதும் எடுக்கப்படுவது. ஆகவே ஆண்கள் மட்டும் வந்துபோதல் போதாதாயிற்று. பெண்டிரும் பிள்ளைகளும் அடங்கிய குடும்பம் முழுவதும் லயத்திலே நிலையாகத் தங்கவேண்டியதாயிற்று. கங்காணியிடம் பட்ட கடன் "துண்டு" என்னும் சீட்டிலே எழுதப்பட்டு, குடும்பத்தைத் தோட்டத்தோடு பிணைத்தது. அத்துண்டு முறை ஒழிந்தது 1921ஆம் ஆண்டிலேயே. கடனடைக்க எத்தனை கை உண்டோ அத்தனை கையும் வேலை செய்யவேண்டும் என்பது இவ்வாறு எழுந்த நியதி. பெற்றோர் இதனைத் தம் ஊரிலிருந்து மூட்டைகட்டிக் கொண்டு வரவில்லை.

பத்து மணி வரை

எம் பூட்டனார் பத்து மணி வரை படித்தவர் என்று வீட்டிலே சொல்வார்கள். சிறுவயதில் இதனை ஒரு வேடிக்கைப் பேச்சாகவே கேட்டிருந்தோம். அதன் பின்னே ஒரு சட்டம் நின்றதென்பது பின்னரே தெரிந்தது.

தோட்டங்களிற் கல்வி முதலில் லயத்துத் திண்ணையிலே தொடங்கிற்று. எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவர் மாலை வேளையில் மண்ணிலே எழுத்துக் கற்பிப்பார். கங்காணி அவருக்கு ஏதேனும் கொடுப்பார். 1854ஆம் ஆண்டு கிறித்தவத் திருச்சபையார் "தமிழ்க் கூலி மிஷன்" என்னும் பெயராலேயே ஓர் அமைப்பைத் தோற்றுவித்துத் தோட்டங்களிற் சமயப் பணியோடு பள்ளிக்கூடங்களையும் நடாத்தினர். பிள்ளை "வேதத்துக்கு" மாறிவிடுமோ என்ற அச்சம் பெற்றோருக்கு இருந்தது. மிஷனரிமார் நிறுவிய பாடசாலையொன்றில் எம்மைச் சேர்த்தபோது எம் பாட்டியாருக்கும் அதே அச்சம் இருந்தது. ஆயினும் அங்கு பெற்ற கல்வியை நாம் நன்றியோடு நினைக்கின்றோம். ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலரும் யாழ்ப்பாணத்து வெஸ்லியன் மிஷன் பாடசாலையிலே பயின்று, அங்கேயே கற்பித்து, பார்சிவல் பாதிரியாரின் வேதாகம மொழிபெயர்ப்புக்குத் துணைசெய்து, பின்னர் 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவியவரல்லரோ? கற்ற இடம் ஒன்றாகவும் கற்றதைப் பயன்படுத்தும் இடம் மற்றொன்றாகவும் இருத்தல் கூடும்.

அரசாங்கம் முதன்முதலிற் கைவைத்தது 1907ஆம் ஆண்டு. அவ்வாண்டின் சட்டம் 6 முதல் 10 வயது வரையுள்ள தொழிலாளர் பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி அளிக்க ஏற்பாடு செய்வதைத் தோட்டத்துரையின் கடமையாக்கிற்று. 1920ஆம் ஆண்டுச் சட்டம் பள்ளி வயதுப் பிள்ளைகளைக் காலை 10 மணிக்கு முன் வேலைக்கு இடுவதைத் தடுத்தது. அதாவது, 10 மணிக்குப் பின் இடலாம் என்பதே அதன் மறுபுறம். பூட்டனார் காலையிலே பலகையை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடம் சென்று, 10 மணிக்கு அதனை லயத்திலே வைத்துவிட்டு மலைக்கு ஏறியவர்.

இங்கிலாந்தின் பருத்தி ஆலைகளிலும் இத்தகைய அரைநாள் முறை இருந்தது. 1844ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டப்படி பிள்ளைகள் ஒரு பாதி வேலையும் ஒரு பாதி படிப்புமாக இருந்தனர். அது பிள்ளையின் அறிவுக்கும் உடலுக்கும் தீங்கென்று கண்டு, 1918ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தால் அதனை ஒழிக்கத் தீர்மானித்தனர். தம் நாட்டிலே கைவிட்ட முறையைப் போன்றதொன்றை இரண்டே ஆண்டுகளின் பின் அதே ஆட்சியாளர் இலங்கைத் தோட்டத்துக்குப் போதுமானதென்று கருதினர். அன்றியும், 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சச் சம்பளச் சட்டத்தை அடுத்து, ஆண், பெண், பிள்ளை என மூன்று வகையாகச் சம்பளம் நிர்ணயிக்கப்பட்டது. ஒரு சட்டம் பிள்ளையைப் பள்ளிக்கு அழைக்க, மற்றொரு சட்டத்தின்கீழ் அதே பிள்ளைக்குக் கூலி குறிக்கப்பட்டது. இவ்விரண்டுக்கும் நடுவில் நின்ற தகப்பனைக் குறைகூறல் எளிது.

ஐந்தாம் வகுப்பு

எம் பாட்டனார் ஐந்தாம் வகுப்போடு நின்றார். தோட்டப் பள்ளிக்கூடமே அவ்வகுப்போடு நின்றுவிட்டது. ஓர் அறை, ஓர் உபாத்தியாயர், ஒன்று முதல் ஐந்து வரை எல்லா வகுப்பும் அவரிடமே. அதற்குமேற் படிக்க நகருக்குச் செல்லவேண்டும். காலணியும் சட்டையும் பஸ் கட்டணமும் வேண்டும்.

அக்காலத்திலும் மேற்படிப்புப் படித்தோர் எம்மவருள் இல்லாமலில்லை. 1913இல் தமிழ்நாட்டிற் பிறந்து, 1924இல் தந்தையாரிடம் வந்து சேர்ந்து, கம்பளை புனித அந்திரேயர் கல்லூரியிற் பயின்றவர் சௌமியமூர்த்தி தொண்டமான். 1914இல் மடக்கும்புரத் தோட்டத்திலே பிறந்து, அட்டனிலும் கொழும்பிலும் கற்று, ஆசிரியராகவும் ஆங்கிலத்திலும் தமிழிலும் எழுதும் எழுத்தாளராகவும் விளங்கியவர் சி. வி. வேலுப்பிள்ளை. புசல்லாவையிலே சரசுவதி வித்தியாலயம் எழக் காரணமாயிருந்தவர் கே. இராஜலிங்கம். மூவரும் 1947ஆம் ஆண்டுப் பாராளுமன்றத்திலே உறுப்பினராய் அமர்ந்தனர். இவர்தம் பெருமையை நாம் குறைத்துக் கூறவில்லை. ஆனால் தொண்டமானாரின் தந்தையார் தொழிலாளியாக வந்து பெரிய கங்காணியாகி, வேவண்டன் தோட்டத்தையே வாங்கியவர். வேலுப்பிள்ளையாரும் பெரிய கங்காணி குடும்பத்தவர். பிள்ளையின் பேரை நம்பி அவ்வீடுகளில் உலை ஏறவில்லை. ஆகவே பிள்ளை படித்தது. வசதி வந்த வீட்டில் கல்வி ஆசை உடனே தலைகாட்டியதென்றால், வசதியற்ற வீட்டில் அவ்வாசையே இல்லையென்று கூறல் எங்ஙனம் பொருந்தும்?

1945ஆம் ஆண்டு சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா அவர்களின் முயற்சியால் பாலர் வகுப்பு முதற் பல்கலைக்கழகம் வரை இலவசக் கல்வி வந்தது. எம் பாட்டனார் பிறந்ததும் அவ்வாண்டிலேயே. நாடெங்கும் ஏழைப் பிள்ளைகளுக்குக் கதவு திறந்த காலத்தில் தோட்டப் பள்ளிக்கூடம் துரைமாரின் பொறுப்பிலேயே கிடந்தது. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் எம்மவரை நாடற்றவராக்கிற்று. 1960, 1961ஆம் ஆண்டுகளில் அரசாங்கம் உதவிபெறும் பாடசாலைகளைக் கையேற்றபோதும் தோட்டப் பள்ளிக்கூடங்கள் விடுபட்டன. இந்த நாட்டுக்கு உரியவரல்லர் என்று எழுதப்பட்டோருடைய பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் கட்ட யாருக்கு அவசரம்?

1964ஆம் ஆண்டு அக்டோபரில் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. நாடற்ற 9,75,000 மக்களில் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென்றும், எஞ்சிய 1,50,000 பேரைப் பின்னர் தீர்ப்பதென்றும் முடிவாயிற்று. 1974இல் அவ்வெச்சத்தையும் இரு நாடுகளும் சமமாகப் பங்கிட்டன. எண்ணிக்கைகள் அழகாகப் பொருந்தின. வீடுகள் பிரிந்தன. எம் பாட்டனாரின் தமையனார் தலைமன்னாரில் "இராமானுஜம்" கப்பலேறிச் சென்றார். அவருடைய மூத்த மகன் நகரப் பாடசாலையில் எட்டாம் வகுப்பிற் கெட்டிக்காரனாக இருந்தானாம். பரீட்சை முடியும் வரை அவனைத் தம்மோடு வைத்துக்கொள்ளப் பாட்டனார் வேண்டியும், குடும்பம் ஒன்றாகவே போகவேண்டுமென்று தாய் அழுதமையால் அவனும் சென்றான். அங்கு சென்றபின் அவன் படித்ததாகச் செய்தி இல்லை.

எட்டாம் வகுப்பு

எம் தாயார் 1976ஆம் ஆண்டிலே பிறந்தவர். 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1977ஆம் ஆண்டு முதல் தோட்டப் பள்ளிக்கூடங்களையும் அரசாங்கம் படிப்படியாகக் கையேற்றது. அதாவது, 1907இலிருந்து 70 ஆண்டுகள் கழிந்த பின்னரே எம் பிள்ளைகள் ஏனைய பிள்ளைகளைப் போல அரசாங்கப் பாடசாலை மாணவராயினர். 1980இல் இலவசப் பாடநூல் வந்தது. சுவீடன் நாட்டு உதவியாற் பல பாடசாலைகளுக்குப் புதுக் கட்டிடங்கள் எழுந்தன. ஜெர்மனி நாட்டு உதவியோடு பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி தோன்றி, மலையகத்துக்கு வேண்டிய ஆசிரியரைப் பயிற்றலாயிற்று. தோட்டத்துப் பிள்ளைகளே தோட்டத்துக்கு ஆசிரியராகத் திரும்பினர்.

இத்தனை வந்தும் தாயார் எட்டாம் வகுப்போடு நின்றார். காரணம் கூலியன்று. பாட்டியார் கொழுந்துக்குப் போனபின் இரு தம்பியரையும் ஒரு தங்கையையும் பார்க்க ஆளில்லை. பீலிக்கரையில் நீர் பிடிக்கவும் விறகு கொணரவும் ஆளில்லை. பிள்ளைக் காம்பராவில் விடும் வயதை அவர்கள் கடந்திருந்தனர். ஆகவே மூத்த பெண்பிள்ளை நின்றாள். செக்ரோலில் ஏறாத இந்த வேலையையும் பேர்க் கணக்கிலே சேர்க்கவேண்டும். தாயார் வீட்டில் நின்றதனாலன்றோ பாட்டியாரின் பேர் விழுந்தது?

ஈண்டுத் தமிழ்நாட்டு நிகழ்ச்சி ஒன்றை ஒப்புநோக்கல் நன்று. எம் முன்னோர் பலர் புறப்பட்டு வந்த அம்மாநிலத்தில் 1954 முதல் 1963 வரை முதலமைச்சராயிருந்த காமராஜர், குடும்ப நிலையால் இளமையிலேயே படிப்பை விட்டவர். பெற்றோரைக் கண்டித்துப் பயனில்லை என்பதை அவர் நன்கறிந்திருந்தார். 1956இல் மதிய உணவுத் திட்டத்தைக் கொண்டுவந்தபோது, ஒரு வேளைச் சோற்றைப் பள்ளிக்கூடமே ஏற்றுக்கொண்டது, வீட்டுக் கணக்கு அவ்வளவுக்கு இலேசாயிற்று, பிள்ளை வந்தது. நம் நாட்டிலும் பாடநூலும், 1993 முதற் சீருடைத் துணியும் இலவசமாகியபோது அதுவே நிகழ்ந்தது. பாரத்தைச் சிறிது குறைத்தபோதெல்லாம் எம் பெற்றோர் பிள்ளைகளைப் பள்ளிக்கே அனுப்பினர்.

எம் தலைமுறை

1988ஆம் ஆண்டின் சட்டமும் 2003ஆம் ஆண்டின் சட்டமும் நாடற்றவர் என்னும் நிலையை முடித்துவைத்தன. நாம் பிறந்தபோது பிரசாவுரிமை ஒரு கேள்வியாக இருக்கவில்லை. எம் அக்கா எம்மினும் நான்கு வயது மூத்தவர். சாதாரண தரப் பரீட்சையில் எம்மைவிட நல்ல பெறுபேறு பெற்றவர். அவர் உயர்தர வகுப்பிற் சேர்ந்த ஆண்டிலே தந்தையார் நோயுற்றார். ஒருநாள் இரவு அக்கா, "நீ படி தம்பி. வீட்டுக் கணக்க நான் பாத்துக்கிறேன்" என்று சொன்னார். அடுத்த மாதம் கட்டுநாயக்கவில் ஓர் ஆடைத் தொழிற்சாலைக்குப் போனார். அவர் அனுப்பிய பணத்தில் நாம் உயர்தரம் படித்தோம், பேராதனை வந்தோம். பழைய நியதி மாறிவிட்டதென்று நாம் மகிழ்ந்திருந்தோம். பேர் வேறு பெயரில், வேறு ஊரில், எம் அக்காவின் மேல் விழுந்திருந்ததை அப்போது நாம் சிந்திக்கவில்லை.

பல்கலைக்கழகத்தில் நாம் சரித்திரத்தைத் தெரிவுசெய்தபோது தந்தையார், "சரித்திரம் படிச்சு என்னா தம்பி பண்ணப் போற?" என்று கேட்டார். கணக்கியலோ முகாமைத்துவமோ கற்று விரைவில் உத்தியோகம் பெறவேண்டும் என்பது வீட்டார் எண்ணம். அவ்வெண்ணம் நியாயமானதே. நான்கு தலைமுறையின் கடன் எம் ஒருவர் தலையிலே வந்து நிற்கின்றது. மறுபுறம், மனம் விரும்பும் கல்வியை விட்டுவிட்டால் அத்தனை பேர் கொடுத்த விலைக்கும் பொருளில்லை. இத்தகைய இழுபறியில் நிற்கும் மலையக மாணவர் எம்மோடு பலர் உளர். தந்தையாருக்கு அன்று விடைசொல்ல இயலவில்லை. இன்று சொல்லக்கூடியது இதுதான்: சரித்திரம் கற்றதனாலேயே எம் வீட்டில் எவரும் குற்றவாளி அல்லர் என்று அறிந்தோம். கடந்த விடுமுறையிற் பூட்டனாரின் பத்து மணிக் கதைக்குப் பின்னிருந்த சட்டத்தைத் தாயாருக்குப் படித்துக் காட்டினோம். அவர் நெடுநேரம் பேசாதிருந்து, பின்னர், "அப்ப நம்ம ஆளுங்க மேல குத்தமில்ல" என்றார்.

செய்யத்தக்கது

வாலிப அன்பர்களே! ஆண்டுதோறும் நாம் விழா எடுக்கின்றோம். பல்கலைக்கழகம் புகுந்தோருக்கு மாலை சூட்டுகின்றோம். அது நன்றே. இவ்வாண்டு முதல், பல்கலைக்கழகம் புகாதோரின் பட்டியல் ஒன்றையும் எடுப்போமாக. எந்த லயத்தில், எந்த வகுப்பில், எந்தப் பிள்ளை நின்றது? வீட்டில் நோயாளி உண்டா? பார்க்கவேண்டிய குழந்தை உண்டா? பஸ் கட்டணமா தடை? இக்கேள்விகளைப் பெற்றோரிடம் கனிவோடு கேட்டறிந்து, இயன்றதைச் செய்யவேண்டும். கோயில் மண்டபங்களில் மாலை வகுப்பு நடாத்தலாம். தோட்டத்திலிருந்து நகரப் பாடசாலைக்குச் செல்லும் பெண்பிள்ளைகளுக்கு ஓராண்டுப் பயணச் செலவைச் சங்கம் ஏற்கலாம். பெரிய தொகை வேண்டியதில்லை. ஒரு வீட்டிற் குறையும் பேரில் ஒரு பகுதியை நாம் தாங்கினாற் போதும்.

எம் அக்கா தொழிற்சாலையிலிருந்து மீண்டு இப்போது வீட்டில் இருக்கின்றார். தனிப்பட்ட பரீட்சார்த்தியாக உயர்தரம் எழுதலாமோவென்று சென்ற மாதம் எம்மைக் கேட்டார். நாம் மாலை நேரங்களிற் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிப் பெறும் சிறு பணத்தில் அவருக்கு வேண்டிய நூல்களை வாங்கி அனுப்பியுள்ளோம். அவர் எடுக்கும் மூன்று பாடங்களில் சரித்திரமும் ஒன்று.